நானும் மாரியாயியும் பூட்டிய டிபரன்சல்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கூறைச் சேலை எடுத்ததையும் வவுனியாவில் மண்டபம் பார்த்ததையும் விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம் சேர்த்திருக்கிறாய். உன் மாமியாராகப் போகிறவர் வந்திருந்த சனத்துக்கு முன்னால், "உங்கட அம்மாதானே பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி வரைக்கும் காரைப் பின்பக்கமா ஓடினவா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாயாம். பேசாமல் இருந்திருக்கக் கூடாது பிள்ளை. நான் காரை முன்பக்கமாகத்தான் ஓட்டினேன். அந்தச் சம்பவம் நடந்தபோது நீ கம்பஸில் இருந்தாய். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் வீட்டுக்கு வரவும் முடியவில்லை. பிறகு வந்தபோது நான் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு அதிகம் கதைக்க வராது என்பது உனக்குத் தெரியும். நான் கதைக்காமல் விட்டதை ஊர் கதைத்து முடித்துவிட்டது. ஆகவே இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் தாய்மார் சொல்லுகிற புத்திமதிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் அம்மா எனக்குச் சொன்னவற்றில் பாதியை நான் கேட்கவில்லை. கேட்ட பாதி என் வீட்டுக்குப் பொருந்தவில்லை. உனக்கு அறுபது வயதில் என்ன நடக்கும் என்றோ, உன் புருஷன் எப்படிப்பட்டவராக மாறுவார் என்றோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு காரின் பின் அச்சை எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்பதுதான். அதையே எழுதுகிறேன். அதில் உனக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்.

அப்பாவின் சாம்பல் நிறக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அலுமாரியைக்கூட விட்டுவிட்டு வந்தோம், காரை விடவில்லை. அப்பா காலமான பிறகு, இடம்பெயர்ந்து வந்த தர்மபுரத்தில் அதை நான்தான் ஓட்டினேன். பெற்றோல் இல்லாத காலம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீய்ச்சி எஞ்சினை எழுப்பிவிட்டு, அது முழித்துக்கொண்டதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். கார் போன வழியெல்லாம் குசினி மணக்கும். கியர் எண்ணெயும் கிடைக்காது. ஆகவே எல்லோரும் பின் அச்சுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். சத்தம் கூடினால் வாழைப்பழத் தோலை உள்ளே போடு என்றார்கள். நானும் விட்டேன், நானும் போட்டேன். சத்தம் குறைந்தது. பல் தேய்ந்துகொண்டே போனது.

உன்னைப் போன்ற வரலாற்றுப் பட்டதாரிகளுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். டிபரன்சல் என்பது எஞ்சினின் சுழற்சியை வாங்கிப் பின் சில்லுகள் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற பற்சக்கரக் கூட்டம். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல் பருத்த ஒரு கூட்டுக்குள் அது இருக்கும். கார் வளையும்போது உள்பக்கச் சில்லு மெல்லவும் வெளிப்பக்கச் சில்லு விரைவாகவும் சுற்றுவது அதனால்தான். நான் அதைக் கரும்பலகையில் எத்தனையோ வகுப்புகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது கையால் தொட்டுப் பார்த்ததில்லை.

மாரியாயியை உனக்குத் தெரியும்; வேலிக்கு அடுத்த காணி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டுக் குடியேறிய குடும்பம். என் வயதுதான், ஆனால் என்னைப்போல் இரண்டு மடங்கு பலம். அவருடைய மருமகள் லெட்சுமியை நீ அதிகம் பார்த்திருக்க மாட்டாய். அவள் வாய் திறக்காத பெண். முதல் பிள்ளைக்கு வலி வந்தபோது உழவு ரக்ரரின் பின்னால் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். றோட்டு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உடையார்கட்டு தாண்டுவதற்குள் பெட்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை. அடுத்த வருடம் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தபோது, இந்த முறை குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாளுக்கு முன்னமே கொண்டுவந்து விடுங்கோ, குலுக்காமல் கொண்டுவாருங்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். புருஷன்காரன் வேலைக்கென்று வவுனியாவுக்குப் போய், திரும்பிவர ஆமியின் பாஸ் கிடைக்காமல் அங்கேயே நின்றான். லெட்சுமி மாமியாரிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்: "ரக்டர்ல மட்டும் என்னைய ஏத்தாதீங்க அத்தே. செத்தாலும் நான் வீட்டுலயே சாவுறேன்."

எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்று சொல்லிப் பழகியவள் நான். அன்றைக்கு வேலிக்கு மேலால் அதைக் கேட்டதும், "ரக்ரர் தேவையில்லை. நான் காரிலை கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லிவிட்டேன். லெட்சுமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு பின்வாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

சொல்லிச் சில நாட்களுக்குள் சந்தையிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் ஏற்றத்தில் பின்னால் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடியது, கார் நின்றது. சந்தியில் கார் திருத்துகிற கறாச் வைத்திருந்தவர் வந்து கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பல்லுப் போயிட்டுது ரீச்சர். இதுக்குச் சாமான் வராது. நீங்கள் இந்த அச்சைத் தாங்கோ, ரக்ரர்ப் பெட்டி செய்ய நல்லாப் பொருந்தும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய காரின் அச்சே ஒரு ரக்ரர்ப் பெட்டியாகி லெட்சுமியின் வாசலில் வந்து நிற்பதை நான் மனதில் பார்த்தேன். தரமாட்டேன் என்றேன்.

பெரியப்பாவும் கொடுக்கச் சொன்னார். அப்பாவின் அண்ணன் என்ற உரிமையில் அந்த நாட்களில் அவர் தினமும் எங்கள் வளவுக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்காகக் கவலைப்படுவார். "நீர் படிச்சது பௌதிகம் பிள்ளை, கறாச்சில்லை. உது ஆம்பிளையளே ரண்டு பேர் நிண்டு மூச்சு வாங்குற வேலை. ஊர் என்ன சொல்லும்?" என்றார். "ஊருக்குக் கார் ஓடினால் போதும் அத்தான்" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ கட்டப் போகிறவர் நல்லவர் என்கிறாய். இருக்கலாம். நல்லவர்கள்தான் அக்கறையோடு 'இது உம்மாலை ஏலாது' என்று சொல்லுவார்கள். கெட்டவர்கள் சொன்னால் எதிர்த்து நிற்பது சுகம். நல்லவர்கள் சொல்லும்போதுதான் நாங்கள் கையிலிருக்கிற ஸ்பனரைக் கீழே வைத்துவிடுகிறோம். வைக்காதே.

சாமான் கிடைத்தது மாரியாயியால்தான். விசுவமடுவுக்கு அப்பால் கச்சான் பிடுங்கப் போனபோது, நம்முடைய காரைப் போலவே ஒன்று வாய்க்காலுக்குள் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டுவந்து சொன்னார். சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தோம். இடம்பெயர்ந்து வந்த அவசரத்தில் வாய்க்காலுக்குள் இறக்கிக் கவிழ்த்துவிட்டாராம். எஞ்சினை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். ரயர்கள் வண்டில்களுக்குப் போய்விட்டன. அச்சைக் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை. "எடுங்கோ ரீச்சர்," என்றார் அவர். "ஆனா நிமித்தித் தரச் சொல்லிக் கேளாதேங்கோ. எனக்கு இடுப்புச் சரியில்லை."

நிமிர்த்தத் தேவையே இருக்கவில்லை. கவிழ்ந்த காரில் வேலை செய்வது போல் சுகம் வேறில்லை. காரை உயர்த்த ஜக் வேண்டாம், மல்லாந்து படுக்க வேண்டாம். எல்லாம் மேசையில் வைத்த சாப்பாடு மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இரண்டு பக்கத்து அச்சுத் தண்டுகளையும் இழுத்தெடுத்தோம். பிறகு கூட்டைச் சுற்றி வட்டமாக இருந்த நட்டுகளைக் கழற்றினோம். துருப்பிடித்தவற்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் கச்சான் அவித்துத் தின்றுகொண்டு காத்திருந்தோம். இளகி வந்ததும் தூக்குவதற்கு முன்னர் மாரியாயி, "டீச்சர், மேலு எது கீழு எதுன்னு ஒரு அடையாளம் போட்டுக்கங்க. வீட்டுல போய் முழிக்கக் கூடாது" என்றார். அருமையான யோசனை. படித்தவள் நான் அல்லவா, ஓர் ஆணியை எடுத்து, வெயில் படுகிற பக்கத்தில் 'மேல்' என்று அழகாகக் கீறினேன். பிறகு அதைச் சாக்கில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாரியாயி, "பூசணிக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட விடுமுறை. கொட்டிலுக்குள் பாய் விரித்து வேலையைத் தொடங்கினோம். வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கத்துப் பெயரிங்கை, பற்சக்கரத்தைத் தாங்கிச் சுற்றவிடுகிற வளையத்தை, தின்றிருந்தது. எங்களுடைய பழைய பற்சக்கரக் கூட்டத்தில் பெயரிங்குகள் நல்லாக இருந்தன, பல்தான் போயிருந்தது. ஆகவே அதிலிருந்து எடுத்து இதற்குப் போட்டேன். போட்டதும் பெரிய பற்சக்கரமும் அதைத் திருப்புகிற சின்னப் பற்சக்கரமும் ஒன்றையொன்று கடிப்பது மாறிவிட்டது. மயிரிழை இறுகினால் கத்தும், மயிரிழை தளர்ந்தால் இடிக்கும். இடையில் வைக்க மெல்லிய தகடு தேவை. பால்மா ரின்னின் தகட்டை வளையமாக வெட்டி வைத்தேன். பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க ஒரு சாயம் பூச வேண்டும். பூசித் திருப்பினால் பல்லில் எந்த இடத்தில் சாயம் அழிகிறதோ அந்த இடத்தில்தான் கடி விழுகிறது என்று அர்த்தம். கடி பல்லின் நடுவில் விழ வேண்டும். சாயத்துக்கு எங்கே போவது? அப்பா போன பிறகு என் குங்குமச் சிமிழ் சும்மா கிடந்தது. எண்ணெயில் குழைத்துப் பற்களில் பூசினேன். பெரியப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பிள்ளை, அது குங்குமமல்லோ!" "ஓம் அத்தான். நல்ல குங்குமம், ஒட்டுது" என்றேன். மாரியாயி கிணற்றடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

முதல் தரம் கடி பல்லின் நுனியில் விழுந்தது. தகட்டை மாற்றினேன். அடுத்த தரம் அடியில் விழுந்தது. மறுபடியும் மாற்றினேன். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று ஊர் சொல்லும். அது பொறுமை இல்லை, எதையும் நம்பாத குணம். சரியாக வந்துவிட்டது என்று மாரியாயி சொன்ன பிறகும் நான் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் நெல்மணி அளவு வெறுமையாக, சுற்றிவரச் சிவப்பாக நின்றது. பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அதை ஒருவருக்கும் காட்டாமல், "பூட்டுவம்" என்று மட்டும் சொன்னேன்.

காரை ஜக்கில் உயர்த்தி மரக்குற்றிகளில் நிறுத்திவிட்டுக் கீழே ஊர்ந்தோம். அந்தப் பாரத்தை ஏந்திப் பிடிக்க வழியில்லை. மாரியாயி மல்லாந்து படுத்து அதைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார். "நாலு புள்ள சொமந்த வயிறு டீச்சர். இதையும் சொமக்கும். நீங்க ஓட்டையப் பாருங்க." அவர் முழங்காலால் உந்த, நான் வழிகாட்ட, 'மேல்' என்று கீறிய பக்கம் மேலே பார்க்க, அது போய் உட்கார்ந்தது. கலண்டர் மட்டையில் வெட்டிய வளையத்தை இடையில் வைத்து நட்டுகளை இறுக்கினேன். அச்சுத் தண்டுகளைச் செருகினேன். எண்ணெய்க்கு ஆமணக்கெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினேன். தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் குசினிக்கே அனுப்பிவிட்டேன். பிறகு அந்தரத்தில் நின்ற ஒரு சில்லைக் கையால் முன்னுக்குச் சுற்றினேன். மற்றச் சில்லு பின்னுக்குச் சுற்றியது.

"ஐயோ டீச்சர், ஒண்ணு முன்னால போவுது, ஒண்ணு பின்னால போவுது. கெட்டுப்போச்சா?"

"இல்லை மாரியாயி, அதுதான் சரி. அப்பிடித்தான் சுத்தோணும்." கரும்பலகையில் நான் வரைந்தது என் கைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பாகூட வந்து ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

காரைத் தரையில் இறக்கியது அடுத்த நாள் காலை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தேத்தண்ணி குடிக்கலாம் என்று உட்கார்ந்தபோது வேலிக்கு அங்காலிருந்து மாரியாயியின் குரல் கேட்டது. சாதாரணமாக அவர் கத்துகிறவரல்ல. "டீச்சர்! லெச்சுமிக்கு வலி கண்டுருச்சு! தண்ணி ஒடஞ்சிருச்சு டீச்சர்!" டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. நாங்கள் அடுத்த கிழமை கொண்டுபோய் விடுவதாகத்தான் ஏற்பாடு.

அவளைப் பின் ஆசனத்தில் சாய்த்தோம். மாரியாயி பக்கத்தில். பெரியப்பா கேட்காமலே முன்னால் ஏறிக்கொண்டார். சூப்பியால் பெற்றோலைப் பீய்ச்சினேன், எஞ்சின் பிடித்தது. முதலாவது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் பின்னுக்குப் பாய்ந்து மாரியாயியின் வேலியை உடைத்துக்கொண்டு மாட்டெருக் கும்பியில் போய் இடித்து நின்றது. நான் கியரை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் பின்னுக்கு. இரண்டாவதைப் போட்டேன், அதுவும் பின்னுக்கு. பெரியப்பா நெஞ்சில் கைவைத்தார். "நான் சொன்னனான் பிள்ளை, நான் சொன்னனான். ஒருத்தன் போய் ரக்ரரைக் கூட்டி வரட்டும்." பின்னாலிருந்து லெட்சுமி, "வேணாம்" என்றாள். கத்தவில்லை. அப்படிச் சொன்ன குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

எங்கே பிழை விட்டேன் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. கழற்றித் திருப்பிப் பூட்ட அரை நாள் வேண்டும். அரை நாள் இல்லை. ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி யோசித்தேன். காரணம் என்னவோ, பின் அச்சு எல்லாவற்றையும் தலைமாற்றிச் செய்கிறது. முன்னுக்குப் போகிற கியர்கள் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. அப்படியென்றால், பின்னுக்குப் போகிற கியர்? நான் றிவேர்ஸைப் போட்டேன். கார் உறுமிக்கொண்டு எருக் கும்பியை விட்டு இறங்கி, உடைந்த வேலியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படலையைத் தாண்டி முன்னுக்குப் போனது. நல்ல மரியாதையாக, முகத்தை முன்னுக்கு வைத்துக்கொண்டு.

பின்னே போக நாலு கியர், முன்னே போக ஒன்று. அந்த ஒன்றும் மாட்டுவண்டிலை விடக் கொஞ்சம்தான் வேகம். எஞ்சினோ உயிர் போகிறமாதிரி அலறியது. ஆனால் பிள்ளை, அந்த றோட்டுக்கு அதுதான் சரியான வேகமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கார் பூனைபோல் இறங்கி ஏறியது. விசுவமடுச் சந்தியில் எங்களை ஒரு சைக்கிள்காரர் முந்திப்போனார். கரியரில் மனைவி, தண்டில் அரிசிச் சாக்கு. "ரீச்சர், தள்ளட்டோ?" என்று கேட்டார். பெரியப்பா தலையை வெளியே நீட்டி, "நீர் உம்மட வேலையைப் பாரும் காணும்! இது பிள்ளைத்தாச்சி ஏத்தின கார், மெல்லத்தான் போகும்!" என்றார். அதுவரை அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அந்த வசனத்தோடு தெரிந்துவிட்டது.

றேடியேற்றர் கொதித்தது. கொதிக்கிற ஒவ்வொரு தரமும் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கித் தண்ணீர் அள்ளி வந்தார். நான் அச்சுக்குக் கீழே கையை விட்டுக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன்; எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதுதான் என் பயம். சூடு இருந்தது, சுடவில்லை. உடையார்கட்டை நெருங்கும்போது பின் ஆசனத்தில் சத்தம் நின்றுவிட்டது. லெட்சுமி முனகுவதையும் நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே, றோட்டோரத்தில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியாயி அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "அங்க பாக்காத. என்னையப் பாரு. இது ரக்டரு இல்ல." கொஞ்சத் தூரம் போனதும், "அத்தே, வயித்துல ஒதைக்குது" என்று அவள் சொன்னது கேட்டது. நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்து றோட்டைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் ஊர்க்கதை பிறந்தது. படிக்குக் கிட்டப் பின் கதவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குக் காரைத் திருப்பிப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பின்னுக்குத்தான் என்னிடம் வேண்டிய கியர் இருந்ததே! இரண்டாவதைப் போட்டேன். வாசலில் நின்ற சனம் சிதறி ஓட, கார் பின்பக்கமாகப் பறந்துபோய்ப் படியில் முட்டாமல் நின்றது. அதைக் கண்ட சனம்தான் தர்மபுரத்திலிருந்தே அப்படி வந்ததாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஆடம்பரம் அது. அதையும் பிழையாகத்தான் சொல்லுகிறார்கள்.

தாதி மிஸிமார் அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். மாரியாயியும் போனார். நானும் பெரியப்பாவும் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒப்பரேஷன் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இருப்புக் கொள்ளாமல் எழும்பிப் போய்க் காருக்குக் கீழே குனிந்தேன். என்னுடைய அழகான 'மேல்' என்ற எழுத்து இருட்டுக்குள் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் வாய்க்காலும் வெயிலும் நினைவுக்கு வந்தன. கார் கவிழ்ந்து கிடந்தது! வானத்தைப் பார்த்த பக்கம்தான் அந்தக் காரின் கீழ்ப்பக்கம். நான் கீழ்ப்பக்கத்தில் 'மேல்' என்று கீறி, அதை மிகக் கவனமாக மேலே வைத்துப் பூட்டியிருக்கிறேன். சுற்றிவர நட்டுகள் ஒரே இடைவெளியில் இருந்ததால் அது மறுபேச்சில்லாமல் தலைகீழாகவே உட்கார்ந்துகொண்டது. பற்சக்கரம் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் போய்விட்டது, சுழற்சி மாறிவிட்டது. அவ்வளவுதான். வேலையில் ஒரு குறையும் இல்லை. பற்கள் கடித்தது சரி, தகடு சரி, எண்ணெய் சரி.

நான் பெரியப்பாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு விளங்கிற்று. "எட பிள்ளை," என்றார், தோள் குலுங்கத் தொடங்கியது. "எட பிள்ளை! கவிண்டு கிடந்த காருக்கு 'மேல்' எண்டு கீறினனீரோ!" நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாரியாயி ஓடி வந்தார். "பொண்ணு டீச்சர்! கத்துறா டீச்சர், கேக்குதா? அம்மாடி, என்னா கத்து கத்துறா!" கேட்டது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. எங்கள் எஞ்சினைவிடப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி வளவில், ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே, பார்த்துக்கொண்டு நின்ற நோயாளிகளுக்கும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும் முன்னால், நானும் மாரியாயியும் காரைக் குற்றியில் ஏற்றி அதை மறுபடி கழற்றினோம். எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. நாங்கள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பெரியப்பா பதில் சொன்னார். "விலகி நில்லுங்கோ. அவையளுக்குத் தெரியும்." அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி மாரியாயியின் வயிற்றில் வைத்து ஏற்றிப் பூட்டினோம். முன்னுக்கு நாலு, பின்னுக்கு ஒன்று. கார் இன்றைக்கும் அந்த டிபரன்சலில்தான் ஓடுகிறது. உன் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றப்போவதும் அதில்தான்.

இதிலிருந்து உனக்கு என்ன சொல்லலாம் என்று இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டே யோசித்தேன். பிழை விடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் அவ்வளவு கவனமாக இருந்தும் விட்டேன். கவனமாக இருந்தபடியால்தான் அதைப் பிழையான இடத்தில் நிச்சயமாகக் கீறினேன். ஆனால் அந்தப் பிழையோடேயே போக ஒரு கியர் இருந்தது, போனேன். உன் வீட்டிலும் சில நாட்கள் எல்லாம் தலைகீழாகப் பூட்டினது மாதிரி நடக்கும். யார் பூட்டியது என்று விசாரிக்கிறதைப் பிறகு வைத்துக்கொள். முதலில் எந்தக் கியர் முன்னுக்குப் போகிறது என்று பார். பக்கத்தில் மாரியாயியைப் போல ஒருவரை வைத்துக்கொள். பெரியப்பாவைப் போன்றவர்களையும் காரை விட்டு இறக்கிவிடாதே. தண்ணீர் அள்ள ஆள் வேண்டும்.

தையல் வெட்டியதும் லெட்சுமியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டோம். முதலாவது கியரில் கார் முன்னுக்குப் போனபோது வாசலில் நின்ற மிஸிமார் கைதட்டினார்கள். வள்ளிபுனத்துக்கு இப்பால் புதிதாகக் கிரவல் போட்ட ஒரு துண்டு றோட்டு இருந்தது. அதில் ஏறியதும் இரண்டாவது போட்டேன், மூன்றாவது போட்டேன், பிறகு நாலாவதையும் போட்டேன். சத்தமில்லை. பின் அச்சு பட்டுப்போல ஓடியது. சைக்கிள்களையெல்லாம் முந்தினோம். ஒரு ரக்ரரையும் முந்தினோம். பெட்டி நிறைய விறகு ஏற்றிக்கொண்டு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு அது பின்னால் நின்றுவிட்டது. பெரியப்பா கதவை இறுகப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, மெல்ல, மெல்ல, பச்சை உடம்பு இருக்குது" என்றார். நானும் காலை எடுக்கப் போனேன்.

பின்னாலிருந்து, வாய் திறக்காத அந்தப் பெண் சொன்னாள்: "எடுக்காதீங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க. பாப்பா சிரிக்குது."

பிறந்து சில நாளான பிள்ளை சிரிக்காது என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. காலை இன்னும் அழுத்தினேன்.

உன்
அம்மா